குடத்தை நகர்த்திப் பார்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை. காலையில்தான் எட்டு தோசை தின்றுவிட்டு, ஒன்பதாவது கருகிவிட்டது என்று குறையும் சொல்லிவிட்டுப் போனாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் என்ன கடிதம் என்று நினைப்பாய். வாயால் சொன்னால் நீ சிரிப்பாய், உன் அப்பா "சோறு ஆறுது" என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். அடுத்த வாரம் தம்பானூரில் உன்னை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றும்போது சொல்லலாமென்றால், உன் ஆபீஸ் சினேகிதர்கள் நிற்பார்கள். அம்மா பேச்சைக் கேட்கிறவன் என்று அவர்களுக்குத் தெரிந்தால் உன் கௌரவம் என்ன ஆவது? ஆகையால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிற கடிதம் இது. மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் மத்தியானம் எங்களுக்குக் கிடைக்கிற அரைமணி நேரத்தில், ஒரு வத்தல் மூட்டையை மேசையாக்கி, தினம் கொஞ்சமாக எழுதப்போகிறேன். காகிதத்தை மூக்கருகில் கொண்டுபோகாதே. தும்மினால் நான் பொறுப்பல்ல. படித்தபின் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டவும் செய்யாதே. உன் ஆபீஸில் யார் கேட்டாலும் படிக்கக் கொடு. உன் மேலதிகாரி கேட்டால் முதலில் கொடு.

ராஜ்யத்தைப் பாஷை பார்த்து வகுந்துவிட்டார்கள். தெற்குத் தாலுக்காக்கள் சென்னையோடு, திருவனந்தபுரம் கேரளத்தோடு. அதுவும் ஜனங்கள் வருஷக்கணக்காகக் கேட்டு, நடந்து, அடி வாங்கி, உயிரைக்கூடக் கொடுத்து வந்த காரியம்தான். நீ அந்தப் பக்கம் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாய். நல்லது, போ. உன் அப்பாவுக்கு ஆரியசாலைத் தெருவில் சுமக்க மூட்டை இருக்கிறது, எனக்குக் கிள்ள வத்தல் இருக்கிறது, நாங்கள் இங்கேயே கிடக்கிறோம். ஆனால் போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாயே. லேபர் ஆபீஸில் உனக்கு முதல் வேலை, இன்ஸ்பெக்டரோடு அங்கே கோட்டாற்றுக் கிட்டங்கிகளைச் சுற்றிப் பார்ப்பதாம். இந்த ராஜ்யத்தில் போட்ட விதிகளில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று சென்னைக்குக் குறிப்பு எழுதுவதாம். வத்தல் கிட்டங்கி விதியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று, ஊறுகாய் கேட்கிற குரலில் சொன்னாய். கை கழுவத் தண்ணீர், மத்தியானம் அரைமணி ஒழிவு என்று அந்த விதியில் இரண்டே வரிதான் இருக்கிறது. அந்த இரண்டு வரியில் என் எட்டு வருஷம் இருக்கிறது மக்கா. அதை வைப்பதா எடுப்பதா என்று எழுதப்போகிற பேனா உன் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பேனாவோடுதான் எனக்குப் பேச்சு.

நீ ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது உன்னைக் கிட்டங்கியின் பின்வாசலில் தூளி கட்டிப் போட்டிருந்தேன். முப்பது நாற்பது மூட்டை வத்தலைக் கொட்டிவைத்து, காம்பு கிள்ளி, நிறம் வெளுத்ததைத் தனியே எடுத்து, நல்லதைச் சுளவில் புடைத்துக் கட்டுவது எங்கள் வேலை. கிள்ளுவதற்கு முன் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வோம். அப்படியும் பத்து மணிக்குமேல் விரல் எரியும். கிட்டங்கிக்குள் தண்ணீர் கிடையாது. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமென்றால், மத்தியானத்துக்குக் கொண்டுவந்த கஞ்சியில் தண்ணீரை மட்டும் வடித்துக் கையைக் கழுவுவோம். பிறகு வெறும் சோற்றை விக்கிக்கொண்டே விழுங்குவோம். அன்றைக்கு நீ அழுதாய். நான் அவசரத்தில் கை கழுவாமல் ஓடிவந்து உன் கண்ணைத் துடைத்துவிட்டேன். நீ போட்ட சத்தத்தில் தெருவில் நின்ற வண்டிமாடு மிரண்டது. உன் அப்பா மூட்டையை அப்படியே போட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு தெருமுக்கிலுள்ள குழாய்க்கு ஓடினார். பிழைத்துக்கொண்டாய். இப்போதும் அந்த இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்கிறாய். பெண் பார்க்கப் போகும்போது கண்ணடிக்கிறான் என்று அடி வாங்காமல் இருக்க வேண்டும், அதுதான் என் கவலை.

இதில் நான் ஒத்துக்கொள்ள வேண்டிய முதல் தப்பு ஒன்று உண்டு. நீ அழுது ஓய்ந்தபிறகு, வத்தல் என்றால் எரியத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பல வருஷம் அப்படியேதான் சொன்னேன். மழை நனைக்கும், வெயில் சுடும், வத்தல் எரியும். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ராஜா காலம் முடிந்து முதல்தடவை எங்களுக்கும் வோட்டு என்று வந்தபோதுதான் தோன்றியது. வோட்டுக் கேட்டு ஒருவர் கிட்டங்கிக்கு வந்தார், வெள்ளைவெளேரென்ற ஜிப்பா. உள்ளே கால் வைத்ததும் தும்மல். பேச வாய் திறந்தார், தும்மல். கும்பிட்டார், தும்மல். என் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளுகிற ராஜம்மை மலையாளத்துக்காரி, நெய்யாற்றின்கரைப் பக்கம். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"வோட்டு தராம் ஸாரே. பக்ஷே எங்களுக்குக் கை கழுகதுக்கு வெள்ளம் தருமோ?"

"அது உங்க முதலாளியிட்ட கேக்கணும்மா" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"முதலாளிக்கு எங்க வோட்டு வேண்டாமே. ஸாருக்குத்தானே வேணும்?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் அந்த வார்த்தை மண்டைக்குள் வத்தல் விதைபோல ஒட்டிக்கொண்டது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தோம். மனு எழுதி, கைநாட்டு வைத்து, மந்திரிகள் இருக்கிற ஹஜூர் கச்சேரியில் கொடுத்தோம். நாங்கள் மனு கொடுத்த மந்திரி, பதில் வருவதற்குள் பழைய மந்திரி ஆகிவிட்டார். அடுத்தவருக்குக் கொடுத்தோம். அவரும் ஆனார். எங்கள் மனு பட்டால் பதவி போகும் என்று பேச்சு வந்துவிடுமோ என்றுகூடப் பயந்தேன். பிறகு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஆரியசாலையிலுள்ள எல்லாக் கிட்டங்கிப் பெண்களும் தலைக்குச் சுளவைப் பிடித்துக்கொண்டு சாலைக் கடைத்தெரு வழியாகக் கச்சேரிக்கு நடந்தோம். வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் எங்கள் சேலை வாடையிலேயே தும்ம ஆரம்பித்தார்கள். தடியைப் பிடிப்பதா மூக்கைப் பிடிப்பதா என்று திண்டாடினார்கள். அந்த ஊர்வலத்தைப் பார்த்த ஒரு சட்டசபை மெம்பர் உள்ளே போய்க் கேள்வி கேட்டார். விசாரணைக்கு ஆள் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. இன்ன நாள், இன்ன நேரம் ஆபீசர் வருவார் என்று தாளும் வந்தது.

இப்போது இரண்டாவது தப்பு. இது முழுக்க என்னுடையது. சர்க்கார் ஆள் நம் இடத்துக்கு வருகிறார், அழுக்குச் சேலையோடா நிற்பது என்று கிளப்பிவிட்டது நான்தான். முதல் நாளே கிட்டங்கியைக் கூட்டினோம். வத்தலை மூட்டைக்குள் கட்டி ஓரம் தள்ளினோம். அவரவர் கல்யாணச் சேலை எடுத்துக் கட்டினோம். எங்களில் மூத்தவள் பகவதியக்கா, தொண்டை பெரியது, மனசு அதைவிடப் பெரியது. அவள் எதிர்வீட்டில் இரவல் வாங்கிய சங்கிலி போட்டுவந்தாள். ராஜம்மை அவர்கள் வழக்கப்படி நிலவிளக்கு ஏற்றினாள். நான் நம் வழக்கப்படி நிறைகுடம் வைத்தேன். என் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம், புளி போட்டு விளக்கி, முக்குக் குழாயில் தண்ணீர் பிடித்து, மாவிலை செருகி, பக்கத்தில் குடிக்க ஒரு செம்பும் வைத்தேன். ஆபீசர் வந்தார். விளக்கைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். "நல்லா இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் எழுதிய அறிக்கை சங்கத்துக்கு வந்தது. இங்கிலீஷ். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நம் வீட்டு முற்றத்தில் எல்லோரும் உட்கார, நீதான் படித்துச் சொன்னாய். தொழிலாளிகள் நல்ல உடை உடுத்திச் சந்தோஷமாக இருக்கிறார்கள். இடம் சுத்தமாக இருக்கிறது. போதுமான தண்ணீர் பித்தளைப் பாத்திரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை.

நீ சிரித்துவிட்டாய். நான் எட்டி உன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அந்த அடி உனக்குரியது அல்ல. அன்றே சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு வருஷம் கழித்துச் சொல்கிறேன், வட்டிக்கு வேண்டுமானால் நாளைக்கு ஒன்பதாவது தோசையைக் கருகாமல் சுட்டுத் தருகிறேன். பகவதியக்கா எழுந்து முந்தானையை உதறினாள்.

"ஏட்டி, வருசக்கணக்கா நடந்தது எல்லாத்தையும் ஒன் குடம் முழுங்கீட்டு. இனி என்கிட்ட பேசாதே கேட்டியா."

"அந்த ஆபீசர் ஒரு வார்த்த நம்மகிட்ட கேக்கலியே அக்கா."

"கேக்காண்டாம்னுதானே மாவிலையும் செருகி வச்சே!"

ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. பேசாத பகவதியக்கா பக்கத்தில் உட்கார்ந்து வத்தல் கிள்ளுவது இருக்கிறதே, அந்த எரிச்சல் எந்த எண்ணெய்க்கும் அடங்காது. விட்டுவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் கெடுத்ததை நான்தான் நேராக்க வேண்டும் என்று கிட்டங்கி கிட்டங்கியாக ஏறி இறங்கினேன். குடத்துக்காரி வருகாடி என்று கேலி செய்தார்கள். ஆமாம், குடத்துக்காரிதான், என் குடத்தைக் கவிழ்க்கக் கூட வாருங்கள் என்றேன். வத்தல் வரத்து மும்முரமான மாதத்தில் ஒரு காலை, தெருவில் ஒரு கிட்டங்கியிலும் ஒருத்தியும் கையில் வத்தல் எடுக்கவில்லை. எங்கள் முதலாளி அண்ணாச்சி கெட்டவர் அல்ல. "தண்ணி உள்ள வந்தா வத்தல் ஈரம் பிடிச்சு பூசணம் பூத்துரும்மா, ஒங்க கூலியும் அதுலதான இருக்கு" என்று கெஞ்சினார். அது பொய்யும் அல்ல. பின்வாசலுக்கு வெளியே வைத்தால் போதும் அண்ணாச்சி என்றோம். அவர் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் முதல் கிள்ளாத வத்தலை அப்படியே மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றப் பார்த்தார்கள். சுமைக்காரர்கள் தூக்க வேண்டும். உன் அப்பா மூட்டையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். வாழ்க்கையில் அவர் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "காம்போட இருக்க மூட்ட என் தலைக்கு ஒத்துவராது அண்ணாச்சி. அப்புறம் வீட்டுல எனக்குச் சோறு கிடையாது." மற்றவர்களும் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள். வீட்டில் நீயும் கிழங்கு தின்றாய், முகம் சுளிக்காமல். அதை நான் மறக்கவில்லை. கடைசியில் கச்சேரியிலிருந்து சமாதானம் பேச வந்தார்கள். மறுபடி ஒரு விசாரணை வைக்கிறோம் என்றார்கள். நான் எழுந்து, வருகிற நாளை எங்களுக்குச் சொல்லாமல் வரவேண்டும் என்றேன். சங்கத்துத் தம்பி திகைத்துப்போய், "எதுக்கு அக்கா அப்படி?" என்றான். "சொன்னா நாங்களே கெடுத்துருவோம்" என்றேன். பகவதியக்கா அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாவது ஆபீசர் வந்தது ஒரு சாதாரணத் திங்கள்கிழமை, பத்தரை மணி. உள்ளே நெடி முட்டிக்கொண்டு நின்றது. மெலிந்த மனிதர், தலைமுடி நரைத்திருந்தது. குவியலில் கைவிட்டு ஒரு பிடி வத்தல் எடுத்து, காம்பைக் கிள்ளிப் பார்த்தார். நாங்கள் எப்படிக் கிள்ளுகிறோமோ அப்படியே நாலைந்து கிள்ளினார். நெற்றியில் வேர்வை. கை மேலே போனது. நான் நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஸாரே, கண்ணைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. இது மூன்றாவது. இதைத் தப்பு என்று எழுதுவதா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். தப்புதான். ஆனால் மறுபடி அந்தத் திங்கள்கிழமை வந்தால் என்ன செய்வேன் என்று கேட்காதே.

"வெள்ளம்! கொறச்சு வெள்ளம் கொண்டு வா!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு குதித்தார்.

"இங்க இல்ல ஸாரே" என்றேன்.

"எவிடெ உண்டு?"

"முக்குல, குழாய்ல. ஒரு பர்லாங் நடக்கணும் ஸாரே."

என் தூக்குப்போணியைத் திறந்து கஞ்சித் தண்ணீரை அவர் கையில் ஊற்றினேன். பத்து விரலும் கழுவினார். அதற்குள் ராஜம்மை குடமெடுத்து ஓடி, குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கண்ணைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு என் போணிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் போய் அடியில் சோறு மட்டும் இருந்தது.

"இது திவசமும் இங்ஙனெயா?" என்றார்.

"தினமும்தான் ஸாரே. இன்னைக்கு மட்டும் ஒங்களுக்காக."

அவர் சிரித்தாரா, கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. வத்தல் கண்ணில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பேனாவை எடுத்து அங்கேயே, மூட்டைமேல் தாளை வைத்து எழுதினார்.

கதை அங்கே முடிந்தது என்று நினைத்தால் நீ லேபர் ஆபீஸுக்கு லாயக்கில்லை. விதியின் முதல் நகலைக் கெசட்டில் போட்டு, யாருக்கு ஆட்சேபம் என்று கேட்டார்கள். வியாபாரிகள் பூசணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். விதி வந்தபோது அதில் ஒரு வால் இருந்தது, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்குத்தான் செல்லும் என்று. அடுத்த வாரமே எங்கள் கிட்டங்கியில் ஒன்பது பேர். வெளியே போன பத்தாவது ஆள் யார் என்று உனக்குத் தெரியும். வாய் நீண்டவள்தானே முதலில் கண்ணில் படுவாள்? ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்து சமைத்தேன். அதைத் தின்று உன் அப்பா மெலிந்ததுதான் மிச்சம். ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. தெரு முழுக்க நடந்து, ஒவ்வொரு கிட்டங்கி வாசலிலும் நின்று எண்ணினேன். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. பெரிய கிட்டங்கி, சின்னக் கிட்டங்கி, எல்லாவற்றிலும் ஒன்பது. அதை அப்படியே, கடை வரிசைப்படி ஒரே தாளில் எழுதிக் கச்சேரிக்கு அனுப்பினோம். ஒரு குறையும் சொல்லவில்லை, ஒரு கும்பிடும் போடவில்லை. அந்த நரைத்த ஆபீசர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். இந்த வருஷம்தான் அந்த வாலை வெட்டினார்கள். நானும் மறுபடி என் சாக்கில் வந்து உட்கார்ந்தேன்.

எட்டு வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான். அரசாங்கத்துக்குக் காது ஓரிடத்தில், கை வேறிடத்தில். நாங்கள் தெருவில் நின்று கத்துவது காதுக்குப் போகும். கை எழுதுவது என்னவோ, நடுவில் ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வதைத்தான். அந்த நடு ஆள் இனி நீ. உன் அறிக்கையில் ஒரு வரி தப்பினால், அதைத் திருத்தக் கோட்டாற்றுப் பெண்கள் இன்னும் எட்டு வருஷம் நடக்க வேண்டும். அவர்களில் யாராவது இப்போது பின்வாசலில் தூளி கட்டியிருப்பாள். உன் அம்மா சொன்னாள் என்பதற்காக எதையும் எழுதாதே, உன் அம்மாவே ஒரு தடவை பொய்க்குடம் வைத்தவள். பார்த்ததை எழுது. சொல்லாமல் போ. முதலாளி நாற்காலி போட்டால் உட்காராதே, பெண்கள் உட்கார்ந்திருக்கிற சாக்கில் உட்கார். ஒரு பிடி கிள்ளிப் பார். கண்ணை மட்டும் தொடாதே, உனக்கு ஒரு தடவை போதும். தை மாதம் நானும் பகவதியக்காவும் ராஜம்மையும் கோட்டாற்றுக்கு வருகிறோம், அந்தப் பெண்களைப் பார்க்க. உன் ஆபீஸ் வாசலிலும் சுளவோடு வந்து நிற்போம். அன்றைக்கு என்னைத் தெரியாதவன்போல இருந்துகொள், மனு மட்டும் வாங்கு.

ஒன்றே ஒன்று. நீ போகிற இடத்திலும் குடம் இருக்கும். என்னைப்போல எவளாவது விளக்கி, மாவிலை செருகி வைத்திருப்பாள். குடிக்கச் சொன்னால் குடி, மரியாதைக்குறைவு வேண்டாம். குடித்துவிட்டு, குடத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார். தினமும் இருக்கிற குடம் என்றால் அடியில் தரை கறுத்து ஒரு வட்டம் விழுந்திருக்கும். காலையில் கொண்டுவந்து வைத்த குடத்துக்கு வட்டம் கிடையாது. எங்கள் பின்வாசலில் இப்போதுதான் அந்த வட்டம் விழ ஆரம்பித்திருக்கிறது. பஸ் ஏறும் முன் ஒரு தடவை ஆரியசாலைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போ. கோட்டாற்றில் அது இல்லையென்றால், பேனாவை மூடாதே.

இப்படிக்கு,
குடத்துக்காரி